அவுட்பாஸை யாராவது பென்சிலில் எழுதுவாங்களா?

ஊப்ஸ் லேப்ல ஒரு கிளாஸ் எழுதச் சொன்னதும் நம்ம கை தானாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு. நாலு பிரைவேட் வேரியபிள் போடுவோம். எக்லிப்ஸில் ரைட் கிளிக், சோர்ஸ், ஜெனரேட் கெட்டர்ஸ் அண்ட் செட்டர்ஸ், செலக்ட் ஆல், முடிஞ்சுது. முப்பது நாற்பது வரி கோடு ஓசியில வந்துடும். ரெக்கார்ட் நோட்டுல ரெண்டு பக்கம் நிரம்பும். வைவாவில் ‘என்கேப்சுலேஷன்னா என்ன?’ என்று கேட்டால் ‘வேரியபிளை பிரைவேட்டா வெச்சு, பப்ளிக்கா கெட்டர் செட்டர் எழுதுறது சார்’ என்போம். எக்ஸ்டர்னலும் தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவார்.

இந்தக் கட்டுரை அந்த செட்டர் மேல ஒரு புகார் மனு. எல்லா செட்டர் மேலயும் இல்லை. வெறும் தகவலைச் சுமக்கிறதுக்காகவே இருக்கிற சின்னச் சின்ன ஆப்ஜெக்ட்கள் இருக்கே, ஒரு தேதி, ஒரு தொகை, ஒரு மார்க், ஒரு முகவரி, அதுல எழுதுற செட்டர் மேலதான். அந்த மாதிரி ஆப்ஜெக்ட் ஒருமுறை உருவாயிட்டா அப்புறம் மாறவே கூடாது. அதுவும் ‘தயவுசெய்து மாத்தாதீங்க’ன்னு கமென்ட் போட்டு இல்லை, மாற்றப் பார்த்தால் புரோகிராமே கம்பைல் ஆகாத மாதிரி எழுதணும்.

ஹாஸ்டல்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். அவுட்பாஸ்ல பேர், ரூம் நம்பர், கிளம்புற தேதி, திரும்புற தேதி எழுதி வார்டன்கிட்ட கையெழுத்து வாங்குறோம். பேனாவில் எழுதுறோம். பஸ் டிக்கெட் கிடைக்கலை, ஒரு நாள் தள்ளிப் போகணும்னா அதே பேப்பர்ல 7-ஐ 8 ஆக்கிக் கொண்டு போனால் கேட்ல இருக்கிற செக்யூரிட்டி அண்ணா என்ன சொல்வார்? ‘அடிச்சுத் திருத்தினது செல்லாது தம்பி, புதுசா எழுதி வாங்கிட்டு வா.’ அவருக்கு ஜாவா தெரியாது. ஆனா கையெழுத்துக்கு அப்புறம் மாறக்கூடிய தாள்ல கையெழுத்துக்கு அர்த்தமே கிடையாதுன்னு தெரியும். பேங்க் செக்கும் அப்படித்தான்: சிடிஎஸ் முறை வந்த பிறகு தொகையையோ பெயரையோ திருத்தி பக்கத்துல சின்னதா கையெழுத்துப் போடுறது எடுபடாது; புதுச் செக் எழுதணும்.

இப்போ இதே அவுட்பாஸை ஆப் ஆக்குவோம். (மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்காதவங்க எடுக்கிற தலைப்புதான், கோவிச்சுக்காதீங்க.) அவுட்பாஸ் என்று ஒரு கிளாஸ். கன்ஸ்ட்ரக்டரில் கறாரா செக் பண்றோம்: திரும்புற தேதி கிளம்புற தேதிக்கு முன்னாடி இருக்கக் கூடாது, மொத்தம் மூணு நாளுக்கு மேல போகக் கூடாது. அருமை. அதோட பழக்க தோஷத்தில் ரெண்டு தேதிக்கும் செட்டரையும் ஜெனரேட் பண்ணிடுறோம். அவ்வளவுதான், கன்ஸ்ட்ரக்டர்ல வெச்ச காவல் வீண். வாசல்ல பூட்டைப் போட்டுட்டு கொல்லைப்புறக் கதவைத் திறந்து வெச்ச மாதிரி.

‘செட்டருக்குள்ளயும் அதே செக்கைப் போட்டுட்டா?’ என்று கேட்கலாம். போட்டுப் பாருங்க. 5 முதல் 7 வரை இருக்கிற பாஸை 12 முதல் 14 வரைன்னு மாத்தணும். முதல்ல கிளம்புற தேதியை 12 ஆக்குறீங்க. அந்த நிமிஷத்துல திரும்புற தேதி இன்னும் 7-தான், உடனே எக்ஸெப்ஷன். சரி, திரும்புற தேதியை முதல்ல மாத்தலாம்னா 5 முதல் 14 வரை, மூணு நாள் விதி உடையுது, மறுபடி எக்ஸெப்ஷன். சரியான நிலையிலிருந்து இன்னொரு சரியான நிலைக்குப் போக, நடுவுல ஒரு தப்பான நிலையை மிதிச்சே ஆகணும். ரெண்டு ஃபீல்டுக்கும் தனித்தனி செட்டர்ங்கிற அமைப்பிலேயே இருக்கிற கோளாறு இது. புது அவுட்பாஸ் ஒண்ணு உருவாக்கினால் இந்தப் பிரச்னை எழவே எழாது. ரெண்டு தேதியும் ஒண்ணா வரும், ஒண்ணா செக் ஆகும்.

அடுத்தது இன்னும் மோசமானது. செட்டரை எல்லாம் அழிச்சுட்டோம்னு வெச்சுக்குங்க. தேதிக்கு மட்டும் பழைய ஜாவா யூட்டில் டேட் கிளாஸைப் பயன்படுத்துறோம். டீம்ல ஒருத்தர் பிரின்ட் மாட்யூல் எழுதுறார். ‘மறுநாள் காலை 6 மணிக்குள் திரும்ப வேண்டும்’னு அச்சடிக்கணும். கெட்டரைக் கூப்பிட்டு தேதியை வாங்குறார், அதுலயே ஒரு நாளைக் கூட்டுறார், அச்சடிக்கிறார். அச்சு சரியா வருது. ஆனா வார்டன் அனுமதி கொடுத்த அவுட்பாஸுக்குள்ள இருக்கிற தேதியும் சேர்ந்து ஒரு நாள் தள்ளிப் போயிடுச்சு! ரெண்டு தடவை பிரின்ட் எடுத்தா ரெண்டு நாள். பிரின்ட் பட்டனை அழுத்தினா லீவு நீளுதுன்னு எந்த டெஸ்ட் கேஸ்ல நாம யோசிச்சு எழுதப் போறோம்?

ஃபர்ஸ்ட் இயர்ல சி படிச்சதோட பின்விளைவுன்னும் இதைச் சொல்லலாம். சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்சரை ஃபங்ஷனுக்கு அப்படியே அனுப்பினா அதோட நகல் போகும். அங்க என்ன செஞ்சாலும் நம்மளது பத்திரம். பாயின்டர் அனுப்பினாதான் வில்லங்கம், அதுக்கு நட்சத்திரக் குறி போடணும், கண்ணுக்குத் தெரியும். செகண்ட் இயர்ல ஜாவாவுக்கு வந்ததும் ஆப்ஜெக்ட் எல்லாமே ரெஃபரன்ஸ். நட்சத்திரக் குறி கிடையாது. ‘ஜாவால பாயின்டர் இல்லை’ன்னு வேற நம்ம நோட்ஸ்ல எழுதியிருக்கு. அதை நம்பி, ஒரே பொருளுக்கு நாலு பேர் நாலு சாவி வெச்சிருக்கிறதை மறந்துடுறோம். பொருள் மாறவே மாறாதுன்னா எத்தனை பேர்கிட்ட சாவி இருந்தால் என்ன? மாறும்னாதான் கவலை.

இது வெறும் மினி ப்ராஜெக்ட் கவலை இல்லை. 1997-ல் ஜேடிகே 1.1.1 பதிப்பில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடிச்ச ஓட்டை இதே ரகம்தான். அப்போ பிரவுசருக்குள் ஓடுற ஆப்லெட்டுகளுக்கு டிஜிட்டல் கையெழுத்து முறை வந்திருந்தது. யார் கையெழுத்துப் போட்டதுங்கிறதை வெச்சு அந்த ஆப்லெட்டுக்கு எவ்வளவு அதிகாரம்னு முடிவாகும். கையெழுத்துக்காரர் பட்டியலைக் கேட்டால் தருகிற மெத்தடு ஒண்ணு இருந்தது. அது பட்டியலோட நகலைத் தராம, உள்ளே வெச்சிருந்த அசல் அரேயையே எடுத்துக் கொடுத்துடுச்சு. கெட்ட எண்ணம் உள்ள ஆப்லெட் அந்த அரேயில் நம்பகமான ஒருத்தரை எழுதிட்டா, அதிகாரம் தானா வந்துடும். செட்டர் ஒண்ணுகூட இல்லாமலே ஒரு பாதுகாப்பு அமைப்பு கவிழ்ந்தது.

ஹேஷ்மேப் பக்கம் வந்தால் வேற மாதிரி கூத்து. ரோல் நம்பரும் பேரும் கொண்ட ஒரு ஆப்ஜெக்டைச் சாவியா வெச்சு மேப்பில் போடுறோம். ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு ரெண்டையும் புத்தகத்துல சொன்ன மாதிரி ஒழுங்கா எழுதியிருக்கோம். பிறகு யாரோ செட்டரால் ரோல் நம்பரை மாத்திடுறாங்க. இப்போ புது ரோல் நம்பரோடு தேடினா, ஹேஷ் கணக்கு வேறொரு இடத்தைக் காட்டும். அங்கே ஆள் இல்லை. பழைய ரோல் நம்பரோடு தேடினா சரியான இடத்துக்குத்தான் போகும். ஆனா அங்கே உட்கார்ந்திருக்கிறவர் நம்பர் மாறிட்டதால ‘இது அவர் இல்லை’ன்னு ஈக்வல்ஸ் சொல்லிடும். மேப்பை முழுசா பிரின்ட் பண்ணினா ஆள் இருக்கார். கூப்பிட்டா வரமாட்டேங்கிறார். ராத்திரி ரெண்டு மணிக்கு டீபக்கர்ல இதைப் பார்த்தவங்களுக்குப் பேய் பிசாசு மேல நம்பிக்கை வந்துடும்.

பைத்தான் இதுல கெட்டிக்காரத்தனமா நடந்துக்குது. 3.7 பதிப்பில் (2018) வந்த டேட்டாகிளாஸை சும்மா எழுதினா, அதை டிக்ஷனரிக்குச் சாவியா வைக்கவே விடாது. ஹேஷ் கிடையாதுன்னு மூஞ்சிலேயே சொல்லிடும். ஃப்ரோஸன் ஈக்வல்ஸ் ட்ரூன்னு எழுதிக் கொடுத்தா சரி, உள்ள வான்னு விடும். மாற மாட்டேன்னு உறுதி கொடுத்தவனுக்குத்தான் சாவி வேலை.

சரி, இந்த செட்டர் வழக்கம் நமக்கு எங்கிருந்து ஒட்டிக்கிச்சு? 1997-ல் ஜேடிகே 1.1-உடன் ஜாவாபீன்ஸ்னு ஒண்ணு வந்தது. பட்டன், டெக்ஸ்ட்பாக்ஸ் மாதிரி பாகங்களை மவுஸால் இழுத்துப் போட்டு, பக்கத்துல இருக்கிற பெட்டியில நிறம், அகலம், எழுத்துன்னு மாத்திக்கிற டிசைன் கருவிகளுக்காகப் பிறந்த ஏற்பாடு. அந்தக் கருவிக்கு ‘நிறம்’னு ஒரு பண்பு இருக்கிறது தெரியணும்னா கெட், செட் என்று தொடங்குகிற மெத்தடுகள் வேணும். பட்டனுக்கு அது நியாயம். பட்டனோட நிறம் மாறலாம். அப்புறம் பல ஃபிரேம்வொர்க்குகளும் அதே பாணியை எதிர்பார்த்ததால, அது ஜாவாவோட இலக்கணம் மாதிரியே ஆகிடுச்சு. பட்டனுக்குத் தைத்த சட்டையைத் தேதிக்கும் ரூபாய்க்கும் மாட்டிவிட்டோம்.

இதில் வேடிக்கை, ஜாவாவோட ஸ்ட்ரிங் முதல் நாளிலிருந்தே மாற்ற முடியாதது. டூ அப்பர்கேஸ் கூப்பிட்டா பழைய எழுத்துகள் அப்படியே இருக்கும், புதுசு ஒண்ணு கைக்கு வரும். திரும்பி வந்ததை எதுலயும் வாங்காம விட்டுட்டு ‘மாறலையே’ன்னு முழிக்காத செகண்ட் இயர் யாரும் இல்லை. ஆனா அந்த ஒரு நாள் குழப்பத்துக்கு அப்புறம் ஸ்ட்ரிங் மாற மாட்டேங்குதுன்னு யாராவது புகார் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? மாறாக, டேட் கிளாஸோட கதையைப் பாருங்க. அது மாறக்கூடியதா பிறந்து (வருஷத்தை 1900-லிருந்தும் மாதத்தைப் பூஜ்யத்திலிருந்தும் எண்ணுகிற குறும்பு வேற), அதுல ஜனங்க பட்ட பாடு போதும்னு ஸ்டீஃபன் கோல்போர்ன் ஜோடா டைம்னு தனி லைப்ரரி எழுதி, கடைசியில் 2014-ல் ஜாவா 8-லேயே லோக்கல் டேட், லோக்கல் டைம்னு புதுக் குடும்பம் வந்தது. அதில் எல்லாமே மாற்ற முடியாதவை. பிளஸ் டேஸ் கூப்பிட்டா புதுத் தேதி கிடைக்கும், பழையது பழையதுதான். மேலே சொன்ன பிரின்ட் மாட்யூல் பக், லோக்கல் டேட் போட்டிருந்தா வரவே வராது. இன்னைக்கும் நம்ம நோட்ஸ்ல பழைய டேட்தான் ஓடிக்கிட்டிருக்கு.

இதை அமல்படுத்துறது எப்படிங்கிறதுல அக்கறை வேணும். ஏன்னா பாதி வழி போயிட்டு ‘இம்யூட்டபிள் ஆக்கிட்டேன்’னு சொல்றவங்க நிறைய. ஃபைனல்னு எழுதினா போதும்னு ஒரு நம்பிக்கை. ஃபைனல் என்பது அந்த வேரியபிள் வேறொரு ஆப்ஜெக்டைக் காட்டக் கூடாதுன்னு மட்டும்தான் சொல்லும். காட்டப்படுகிற ஆப்ஜெக்டுக்குள்ள நடக்கிறதுக்கு அது பொறுப்பில்லை. ஃபைனல் லிஸ்ட்டுக்குள்ள நீங்க தாராளமா ஆட் பண்ணலாம், கிளியர் பண்ணலாம். ஜாவாஸ்கிரிப்ட் நண்பர்கள் கான்ஸ்ட்டை நம்புறதும் இதே கதைதான்.

பழைய ஜாவாவில் முழுசா செய்யணும்னா வேலை கொஞ்சம் அதிகம். கிளாஸே ஃபைனலா இருக்கணும்; இல்லைன்னா யாராவது எக்ஸ்டெண்ட் பண்ணி மாறக்கூடிய ஒரு பிள்ளையைப் பெத்துடுவாங்க. பிக்டெசிமல், பிக்இன்டீஜர் ரெண்டையும் ஃபைனல் ஆக்காம விட்டுட்டாங்க, பழைய கோடு உடையும்ங்கிறதால இப்போ வரைக்கும் திருத்த முடியலை. ஜோஷுவா பிளாக் தன்னோட எஃபெக்டிவ் ஜாவா புத்தகத்தில் இதை எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறார். ஃபீல்டு எல்லாம் பிரைவேட் ஃபைனல். உள்ளே வாங்குற மாறக்கூடிய பொருளை நகல் எடுத்து வாங்கணும், வெளியே தரும்போதும் நகல்தான் தரணும். அதிலும் நகலை முதல்ல எடுத்துட்டு அந்த நகலைத்தான் செக் பண்ணணும். அசலைச் செக் பண்ணிட்டு நகல் எடுத்தா, ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு த்ரெட் புகுந்து மாத்திடலாம்.

இவ்வளவும் எழுத யாருக்குப் பொறுமை? அதான் மொழிகளே இறங்கி வந்துடுச்சு. 2021 மார்ச்சில் ஜாவா 16-ல் ரெக்கார்ட் முழுசா அமலுக்கு வந்தது. (ரெக்கார்டுன்னதும் அட்டை போட்டு, இண்டெக்ஸ் எழுதி, கையெழுத்து வாங்குற நோட்டு ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை. ஆனா பொருத்தமான பேர்தான். கையெழுத்து வாங்கின ரெக்கார்டைத் திருத்தினால் என்ன ஆகும்னு தெரியும்ல?) ஒரே வரியில் அவுட்பாஸ், அடைப்புக்குறிக்குள் நாலு ஃபீல்டு. கிளாஸ் தானாகவே ஃபைனல், ஃபீல்டு தானாகவே பிரைவேட் ஃபைனல், ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு, டூஸ்ட்ரிங் எல்லாம் இலவசம். செட்டர் எழுத நினைச்சாலும் கம்பைலர் விடாது. ரிஃப்ளெக்ஷனால் ஃபைனல் ஃபீல்டை மாத்துற குறுக்குவழிகூட ரெக்கார்ட்கிட்ட செல்லாது. 2020 நவம்பரில் சி ஷார்ப் 9-லும் ரெக்கார்ட் வந்தாச்சு. லோம்போக் பயன்படுத்துறவங்க டேட்டா அனோடேஷனுக்குப் பதிலா வேல்யூ அனோடேஷன் போட்டா செட்டர் இல்லாம வரும். ஒரு சொல்தான் வித்தியாசம்.

ஒரு பள்ளம் மட்டும் அப்படியே இருக்கு. ரெக்கார்டுக்குள்ள ஒரு லிஸ்ட்டை வெச்சா, ரெக்கார்ட் உறையும், லிஸ்ட் உறையாது. அதைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே லிஸ்ட் காப்பிஆஃப் மூலமா நகலாக்கி வாங்கிடணும். பழைய அன்மாடிஃபையபிள் லிஸ்ட் மெத்தடு இதுக்குப் போதாது. அது ஒரு கண்ணாடிச் சுவர் மாதிரி: அந்தப் பக்கமிருந்து உங்களால தொட முடியாது, ஆனா அசல் லிஸ்ட்டை வெச்சிருக்கிறவர் உள்ளே மாத்தினா நீங்க பார்க்கிறதும் மாறும்.

எதிர்த்தரப்பு வாதங்களையும் கேட்டுடுவோம். ‘பைத்தான்ல ஆப்ஜெக்ட் டாட் செட்ஆட்டர் போட்டு ஃப்ரோஸனையும் உடைக்கலாமே, அப்புறம் என்ன பூட்டு?’ உடைக்கலாம். ஆனா அதை யாரும் தூக்கக் கலக்கத்துல டைப் பண்ண மாட்டாங்க. நம்ம டீம்ல இருக்கிறவங்க திருடங்க இல்லை. சப்மிஷனுக்கு முந்தின நாள் கண்ணு சொருகுறவங்க. அவங்களுக்கு அந்தப் பூட்டு போதும். கையெழுத்து, அதிகாரம் மாதிரி விஷயங்களுக்குப் போதாதுங்கிறதும் உண்மை. அங்க அந்த 1997 கதையை நினைச்சுக்கணும்.

‘ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது ஆப்ஜெக்டா, மெமரி என்ன ஆகுறது?’ இது எல்லாரும் கேட்கிறது. நாலு ஃபீல்டு உள்ள அவுட்பாஸுக்கு இந்தக் கவலை தேவையே இல்லை. சீக்கிரம் செத்துப் போற சின்ன ஆப்ஜெக்ட்களைக் கையாளத்தான் ஜாவாவோட கார்பேஜ் கலெக்டர் ட்யூன் ஆகியிருக்கு. ஒரு ஃப்ரேமுக்கு ஆயிரக்கணக்கான வெக்டர்களை உருவாக்குற கேம் எழுதுறவருக்கு இந்தக் கவலை நியாயம், அவர் மாறக்கூடிய வெக்டரையே வெச்சுக்கட்டும், நான் சண்டைக்கு வரலை. லூப்புக்குள்ள எழுத்து ஒட்டுறதுக்கு ஸ்ட்ரிங்பில்டர் இருக்கிற மாதிரி, கட்டும்போது மட்டும் மாறட்டும், கட்டி முடிச்சதும் உறையட்டும்ங்கிற நடுவழியும் இருக்கு.

எனக்குப் பதில் சொல்ல சிரமமான எதிர்வாதம் ஒண்ணு உண்டு: ஹைபர்நேட். டேட்டாபேஸ் டேபிளோட ஒட்டிப் போற என்டிட்டி கிளாஸுக்கு ஆர்க்யூமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேணும், கிளாஸ் ஃபைனலா இருக்கக் கூடாதுன்னு ஜேபிஏ விதியே சொல்லுது. அதனால ரெக்கார்டை என்டிட்டி ஆக்க முடியாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல பாதிப் பேர் ஸ்பிரிங் பூட்டும் ஜேபிஏவும்தான், அவங்ககிட்ட போய் செட்டரே கூடாதுன்னா சிரிப்பாங்க. என் பதில் இதுதான்: மாணவர் என்பவர் வேற, மாணவரோட முகவரி வேற. மாணவர் செமஸ்டர் மாறுவார், ரூம் மாறுவார், ஆனாலும் அதே ஆள். அவர் என்டிட்டி, மாறட்டும், டேபிள்ல இருக்கட்டும். அவரோட முகவரி, மார்க், கட்டின ஃபீஸ் தொகை, அனுமதி வாங்கின அவுட்பாஸ், இதெல்லாம் மதிப்பு. ஐநூறு ரூபாய் வளர்ந்து அறுநூறு ஆகாது. அறுநூறுங்கிறது வேற தொகை. டேட்டாபேஸ்ல இருந்து வெளியே வந்து மத்த மாட்யூல்களுக்கு நடுவுல கைமாறுற எல்லாத்தையும் ரெக்கார்டா ஆக்கலாம். எல்லையை எங்க போடுறதுன்னு நாலு பேர் உட்கார்ந்து பேசணும். அந்தப் பேச்சே நடக்காம செலக்ட் ஆல், ஓகே கொடுக்கிறதுதான் எனக்கு உறுத்துது.

லேப் மேனுவலில் ஒரே ஒரு எக்ஸர்சைஸாவது ‘செட்டர் இல்லாமல் எழுதுக’ன்னு வரணும்னு டிபார்ட்மென்ட்ல கேட்கலாம்னு இருக்கேன். எப்போ வரும்னு சொல்ல முடியாது. அதுவரை ஒரு வேலை செஞ்சு பாருங்க. உங்க ப்ராஜெக்டை கிட்ல கமிட் பண்ணிட்டு, தகவலை மட்டும் சுமக்கிற ஒரு கிளாஸைத் தேர்ந்தெடுங்க. அதோட செட்டர் எல்லாத்தையும் அழிச்சுட்டு, ஃபீல்டுக்கெல்லாம் ஃபைனல் போட்டு பில்டு கொடுங்க. சிவப்பு சிவப்பா எரர் வரும், பயப்படாதீங்க. அதில் ஒவ்வொரு வரியும் உங்களைக் கேட்காம யாரோ அந்த டேட்டாவை மாத்திக்கிட்டிருந்த இடம். எந்த ஃபைல், எந்த லைன்னு கம்பைலரே நம்பர் போட்டுக் கொடுத்திருக்கும். அந்தப் பட்டியலை டீம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, ‘இது எதுக்கு மாத்துறோம்?’னு ஒவ்வொண்ணா கேளுங்க. பாதிக்கு யாருக்கும் பதில் தெரியாது.